விடுமுறை நாளும் வெறும் முற்றமும்



பள்ளிக்கூட மணி ஓய்ந்துவிட்டால் வீட்டில் மணி அடிக்கத் தொடங்கும். "அம்மா பசிக்குது", "அம்மா இவன் அடிக்கிறான்", "அம்மா என்ன செய்யிறது?" இந்த மூன்றும் மாறி மாறிக் கேட்கும். எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கு ஆண்டில் மூன்று விடுமுறை. சித்திரையில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று, மார்கழியில் ஒன்று. இவற்றில் சித்திரையும் ஓகஸ்டும் வெயிலோடு வருபவை. வெளியே விட்டால் தலை காயும், உள்ளே வைத்தால் எங்கள் தலை காயும்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய்க்குப் போயிருந்தேன். தெரிந்த ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. காலை பத்து மணி. வாசலில் மணல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒன்பது வயதுப் பையன் சுவரோடு சாய்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தங்கச்சி அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் வந்ததையும் இருவரும் காணவில்லை, தேத்தண்ணி வந்ததையும் காணவில்லை.

"வெளியில போய் விளையாடச் சொல்லலாமே தங்கச்சி" என்றேன்.

தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "சொல்லத் தெரியாமல் இல்லை அக்கா. கண்ணுக்கு மறைஞ்சாப் பயமாக் கிடக்கு. என்ர தம்பி விளையாடப் போறன் எண்டு சொல்லித்தான் போனவன். பிறகு நாங்கள் ஓடத் தொடங்கினது. போன் குடுத்தா ஒரு இடத்தில இருப்பான். நான் மீன் காயப்போட்டுட்டு வந்து பார்க்க, அதே இடத்தில இருப்பான்."

இந்த மாதம் எதை எழுதுவது என்ற கேள்வி எனக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

பயம் யாருடையது?

போர் 2009 இல் முடிந்தது. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் பதுங்குகுழி காணவில்லை, செல் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவர்களை வளர்க்கும் அம்மாமார் அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள். பட்டாசு வெடித்தால் பிள்ளை கை தட்டுகிறது, தாய் நிலத்தைப் பார்க்கிறாள். பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் தாயின் நெஞ்சு ஐந்து வருடம் பின்னால் போகவில்லை, பதினைந்து, இருபது வருடம் பின்னால் போகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமல் வந்த பயம் இல்லை அது. ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவேண்டும். அந்தப் பயத்தின் கூலியைப் பிள்ளை கொடுக்கக்கூடாது. விளையாடாத பிள்ளைக்குக் கூட்டாளி இல்லை. தோற்கத் தெரியாது, விட்டுக்கொடுக்கத் தெரியாது, விழுந்தால் எழும்பத் தெரியாது. எங்களுக்குக் கிடைக்காத பிள்ளைப் பருவத்தை அவர்களுக்கும் கிடைக்காமல் செய்துவிட்டால், போர் இன்னொரு தலைமுறைக்கு நீண்டதாகத்தான் அர்த்தம்.

விளையாட்டு என்பது சும்மா நேரம் போக்குவது அல்ல. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சொல்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. உணவு, கல்வி, மருந்து என்று நாங்கள் கேட்பதைப்போல விளையாட்டும் கேட்கவேண்டிய ஒன்றுதான்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

இதைப் பேசும்போது மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1996 ஆம் ஆண்டு, சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவானவரும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். தகப்பனை இழந்த பிள்ளை, வீடு எரிந்ததைப் பார்த்த பிள்ளை, பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை எல்லாம் அவர்களில் இருந்தார்கள்.

அங்கே அவர்களை இருத்தி வைத்து "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் கேட்கவில்லை. களிமண் கொடுத்தார்கள், சாயம் கொடுத்தார்கள். கதை, பாட்டு, நாடகம், மரம், செடி, வளர்ப்புப் பிராணிகள் எல்லாம் இருந்தன. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மண்ணைப் பிசைந்தார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்ய விட்டார்கள். பிள்ளையின் மனது ஆறுவதற்கு விளையாட்டு ஒரு மருந்து என்பதை எங்கள் நாட்டிலேயே செய்து காட்டிய இடம் அது.

"எங்கட ஊரில் அப்படி ஒரு பூங்கா இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். பூங்கா இல்லைத்தான். ஆனால் மணல் இருக்கிறது, ஓலை இருக்கிறது, காற்று இருக்கிறது, கதை தெரிந்த கிழவி இருக்கிறா. மேலதிகமாக வேண்டியது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான்.

ஊரின் பெயரிலேயே ஓலை

ஓலைத்தொடுவாயின் பெயரிலேயே ஓலை இருக்கிறது. பனைதான் எங்கள் பிள்ளைகளின் பழைய விளையாட்டுச் சாமான் கடை. காசு இல்லாத கடை.

சித்திரை விடுமுறையில் நுங்கு. குடித்து முடித்த கோம்பை இரண்டை எடுத்து, நடுவில் ஒரு தடியைக் குத்திப் பூட்டி, கவர் உள்ள நீளத் தடியால் தள்ளினால் வண்டி ஓடும். பத்து வயதுப் பிள்ளை தானே செய்துவிடும். கத்தி வேலையை மட்டும் பெரியவர் செய்து கொடுங்கள்.

குருத்தோலையில் காற்றாடி செய்யலாம். இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே பின்னி, நடுவில் ஒரு உடைமுள்ளைக் குத்தி, ஒரு தடியில் பொருத்திக்கொண்டு ஓடினால் சுற்றும். 2020 மார்கழியில் மன்னார்த் தீவில் 30 பெரிய காற்றாலைகளோடு தம்பபவனி மின் நிலையம் திறக்கப்பட்டது. காற்றாலைகளைப் பற்றி ஊரவர்களுக்கு வேறு பல கேள்விகள் உண்டு, அது இன்னொரு நாள் பேச்சு. ஆனால் பிள்ளை "அது ஏன் அம்மா சுத்துது?" என்று கேட்டால், கையிலுள்ள ஓலைக் காற்றாடியைக் காட்டி, "இதுவும் அதுவும் ஒரே வேலைதான், காற்றுத் தள்ளுது, இதழ் சாய்வாய் இருக்கிறதால சுத்துது" என்று சொல்லலாம். விஞ்ஞானப் பாடம் முற்றத்தில் முடிந்துவிடும்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கை எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. அதே கைக்கு ஓலைப்பந்து, கிலுக்கு, பாம்பு, கிளி எல்லாம் வரும். சார்வோலையில் பெட்டியும் கடகமும் இழைக்கிற அம்மம்மாமார் இருந்தால், விடுமுறையில் ஒரு பிள்ளையை அவவுக்குப் பக்கத்தில் இருத்திவிடுங்கள். சின்னதாக ஒரு பெட்டி இழைத்து முடித்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஓகஸ்டில் சோளகக் காற்று. பட்டம் விட நல்ல காற்று. ஈர்க்கு, பழைய பேப்பர், கோதுமை மாவைக் காய்ச்சிய பசை, வாலுக்குப் பழைய சேலைக் கரை. வேறு ஒன்றும் வேண்டாம். மின்கம்பி இல்லாத வெளியில் மட்டும் விடச் சொல்லுங்கள். கம்பியில் பட்டம் சிக்கினால் அதை விட்டுவிட்டு வரவேண்டும், எடுக்கப் போகக்கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மணலில் ஒரு கோடு

காலையில் வெயில் ஏற முன்னரும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் முற்றம் விளையாட்டுக்கு ஏற்றது. மணலில் காலால் கோடு இழுத்தால் கிளித்தட்டுத் தயார். ஒரு பக்கம் கோட்டில் நின்று மறிப்பவர்கள், மற்றப் பக்கம் பெட்டிக்குப் பெட்டி தாண்டிப் போகிறவர்கள். போகிறவர் காய், போய்த் திரும்பி வருகிறவர் பழம். கிளிக்கு எல்லாக் கோட்டிலும் ஓட உரிமை. ஓடவும் வேண்டும், யோசிக்கவும் வேண்டும், கூட்டாளியைக் கவனிக்கவும் வேண்டும். பெண்பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று யாராவது சொன்னால், அவர்களையும் ஒரு கோட்டில் நிற்க விடுங்கள்.

உச்சி வெயிலில் நிழலில் இருந்து விளையாடுவதற்குக் கொக்கான், தாயம், நாயும் புலியும், பல்லாங்குழி. பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. மணலில் குழி தோண்டினால் போதும், சோகியும் புளியங்கொட்டையும் காய்.

என்னுடைய சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1990 இல் நாங்கள் ஓடிப்போய் மடுவில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. கோவிலைச் சுற்றி மரத்துக்கு மரம் குடும்பங்கள். தலைக்கு மேல் ஒரு தறப்பாள், கீழே ஒரு பாய். அம்மாவிடம் எங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்து வந்தவ, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை அவிழ்த்தா. அதில் ஐந்து கல். உருண்டையாய்ப் பார்த்துப் பொறுக்கியிருந்தா. "வாங்கோ, கொக்கான் வெட்டுவம்" என்று எங்களோடு இருந்தா. அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. அம்மா கல்லை மேலே எறிந்து, பிடிக்கத் தவறி, சிரித்தது நினைவிருக்கிறது. அகதி முகாமில் நான் கண்ட அம்மாவின் முதல் சிரிப்பு அது. பிள்ளையோடு விளையாடுவது பிள்ளைக்கு மட்டும் அல்ல.

அடுப்படியும் ஒரு விளையாட்டுத்தான்

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். அதிகாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொறுக்கப் போங்கள். முதலில் கண்டவருக்கே பழம் என்று ஒரு போட்டி வைத்தால் எழுப்பவே தேவையில்லை, தாமாகவே எழும்புவார்கள்.

பழத்தை நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, பினைந்து களி எடுக்கவேண்டும். பினையும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கை, முகம், சட்டை எல்லாம் மஞ்சளாகும். ஆகட்டும். களியைத் தும்பு இல்லாமல் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி ஆறவிட்டு, மா சேர்த்துக் குழைத்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் போட்டால் பனங்காய்ப் பணியாரம். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரக்கூடாது, அது உங்கள் வேலை. ஒரு பேணி நிறையப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கொண்டுபோகிற பிள்ளைக்கு அது ஒரு பெருமை.

மிஞ்சிய பனங்கொட்டையை எறியாதீர்கள். முற்றத்து மூலையில் மணலைக் குவித்து ஒரு பாத்தி போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து கொட்டை என்று கணக்கிட்டுப் புதைக்கச் சொல்லுங்கள். அவரவர் பெயரை ஒரு ஓலையில் எழுதிக் குத்தி வைக்கட்டும். மழை வரும், கிழங்கு இறங்கும். மார்கழி விடுமுறை முடிந்து தைப்பொங்கல் வருகிற நேரத்தில் கிண்டிப் பார்க்கலாம். காத்திருக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று: நாலைந்து செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் போட்டால் நாவல் நிறமாகச் சாறு இறங்கும். அதைக் குருத்தோலையிலோ வெள்ளைக் கடதாசியிலோ தூரிகையால் பூசலாம். கொஞ்சச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும். இன்னும் கொஞ்சத்தில் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சைக்கு மாறும். பிள்ளைகள் அரை நாள் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள். மஞ்சள் தூள், அடுப்புக் கரி, செங்கல் துண்டு ஆகியவையும் சாயம்தான்.

கடலும் சில கண்டிப்புகளும்

கடல் பக்கத்தில் இருக்கும்போது அதைக் காட்டாமல் வளர்க்க முடியாது. காட்டுவதற்கு ஒழுங்கு வேண்டும்.

பெரியவர் ஒருவர் கரையில் நிற்காமல் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்கக்கூடாது. நிற்பவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. சின்னவர்களுக்கு முழங்காலளவே எல்லை. சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், அன்றைக்கு மணல்வீடு மட்டும். கரையில் ஏற்றிய வள்ளம், வெளியிணைப்பு இயந்திரம், குவித்துவைத்த வலை இவற்றில் ஏறி விளையாட விடாதீர்கள்.

சிப்பி, சோகி பொறுக்கலாம். செத்த ஓட்டை மட்டும். கூம்பு போலிருக்கும் அழகான சங்கு உயிரோடு இருந்தால் கொட்டும், அதன் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. கரையில் ஒதுங்கிய சொறியையும் தொடக்கூடாது. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால், இந்த விடுமுறைக்கு முன்னமே ஒரு பலகையாவது வலையாவது போட்டு மூடுங்கள்.

விடுமுறைக்கு மடுப் பக்கம், மாந்தை மேற்குப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்களா? புறப்படமுன் இதைச் சொல்லுங்கள்: மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. காட்டிலோ வயலிலோ தெரியாத இரும்புச் சாமான் கண்டால் தொடாதே, எறியாதே, வந்த காலடி வழியே திரும்பி வந்து பெரியவரிடம் சொல்லு. போர் முடிந்தாலும் மண்ணுக்குள் போனது தானாக முடிவதில்லை.

ஆளுக்கு ஏதும் நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தாலோ செய்ய முயன்றாலோ 1929. அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இரண்டையும் கதவின் பின்னால் கரியால் எழுதிவிடுங்கள்.

மூத்தவள் ஒரு சின்ன அம்மா அல்ல

விடுமுறை என்றதும் பல வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்கு விளையாட்டே இல்லாமல் போகிறது.

ஒன்று, மூத்த பெண்பிள்ளை. தாய் கருவாடு காயப்போடப் போகிறா, கூலிக்குப் போகிறா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை சமைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். "என்ர பிள்ளை கெட்டிக்காரி" என்று நாங்கள் புகழுகிறோம். அவளுக்கும் அது விடுமுறைதான். தலைமை தாங்கும் கணவன் இல்லாத வீட்டில் அவளுடைய உதவி தேவை, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் யாரையும் தூக்காமல், யாருக்கும் பொறுப்பில்லாமல் அவள் விளையாடவோ படிக்கவோ சும்மா இருக்கவோ வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள்தான் காவல் காத்துக் கொடுக்கவேண்டும்.

மற்றது, கடலுக்குப் போகும் பையன். "லீவுதானே, ஒருக்காப் போய்ப் பழகட்டும்" என்று தொடங்கும். கையில் காசு வரும். பள்ளிக்கூடம் திறக்கும்போது பையன் போகமாட்டேன் என்பான். நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது முன்பு 14 ஆக இருந்தது, 2021 இல் சட்டம் அதை 16 ஆக்கியது. ஆபத்தான வேலைக்கு 18. சட்டம் இருக்கட்டும். ஒரு நாள் கூலிக்காக நாங்கள் விற்பது அவனுடைய பத்தாம் வகுப்பு. தொழிலைப் பார்த்துப் பழகுவது வேறு. கரையில் மாமாவோடு இருந்து வலை பொத்தப் பழகட்டும், காற்றுப் பார்க்கப் பழகட்டும், மீனின் பெயர் படிக்கட்டும். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் சப்பாத்துப் போடட்டும்.

இன்னொரு பக்கம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு விடுமுறை முழுவதும் காலையும் மாலையும் புலமைப்பரிசில் வகுப்பு வைக்கிறவர்களும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கிழமையில் இரண்டு நாளாவது கொப்பி இல்லாமல் விடியட்டும்.

கதைக்கு ஒரு நேரம்

இரவில் படுக்கப்போகும்போது கதை சொல்லுங்கள். ஊர்க்கதை போதும். பள்ளிமுனையில் எழுநூறு வருடம் பழமையானது என்று சொல்லப்படும் பெருக்கமரம் நிற்கிறது. அதை நட்டது அரபு நாட்டு வணிகர் என்பார்கள். தீவில் கழுதைகள் தெருவெல்லாம் திரிகின்றன. 1964 மார்கழிப் புயல் தலைமன்னாரையும் அக்கரையில் தனுஷ்கோடியையும் அடித்தது. போரால் 1990 இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015 இல் திரும்ப ஓடியது. மழைக்காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும். இவை எல்லாம் எங்கள் பிள்ளைகளின் சொத்து. கூத்துப் பாட்டுத் தெரிந்த அண்ணாவியார் யாராவது ஊரில் இருந்தால், ஒரு பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிரீடம் செய்யக் கடதாசி போதும்.

இன்னொரு கதையும் இருக்கிறது, நாங்கள் சொல்லாமல் ஒளிக்கிற கதை. படத்தில் மாலையோடு இருக்கிற மாமா யார்? அப்பப்பா எங்கே போனார்? பிள்ளை கேட்டால் வாயை மூடாதீர்கள். எப்படிச் செத்தார் என்பதிலிருந்து தொடங்கத் தேவையில்லை. எப்படி விளையாடினார் என்பதிலிருந்து தொடங்கலாம். "உன்ர மாமா பட்டம் விட்டா ஊரே பார்க்கும்" என்று சொன்னால் அந்த மாமா பிள்ளைக்கு ஆளாகிறார், படமாக இல்லை. காணாமல் போனவரைப் பற்றியும் இப்படியே சொல்லலாம். சொல்லும்போது அழுகை வந்தால் அழலாம். அம்மா அழுதாலும் பிறகு எழும்பிச் சோறு போடுவா என்று பிள்ளை காணட்டும்.

ஆறு வீடு, ஆறு நாள்

எல்லாவற்றையும் ஒரு தாய் தனியாகச் செய்ய முடியாது. வேலைக்குப் போகிறவள் எப்படிப் போவாள்? அன்று ஓலைத்தொடுவாயில் நாங்கள் பேசி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

ஆறு வீடு. ஆறு நாள். ஞாயிறு இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தாய் வேலைக்குப் போகாமல் தன் முற்றத்தில் எல்லாப் பிள்ளைகளையும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பார்ப்பது. மற்ற ஐந்து பேரும் கவலையில்லாமல் வேலைக்குப் போகலாம். வரும் பிள்ளைகளை எண்ணி எடுப்பது, போகும்போது எண்ணிக் கொடுப்பது. ஒரு தண்ணீர்க் குடம், ஒரு பழந்துணிக்கட்டுக் காயத்துக்கு. தின்ன ஏதாவது, அவிச்ச கடலையோ மரவள்ளிக் கிழங்கோ, முறைக்காரி தரவேண்டும், ஆனால் அரிசியும் தேங்காயும் ஆறு வீட்டிலும் சேகரிப்பது. கைத்தொலைபேசி அந்த நாலு மணி நேரமும் வீட்டில் இருக்கும். முற்றிலும் பறிக்கத் தேவையில்லை. பின்னேரம் ஒரு மணி நேரம், அம்மா இருக்கிற அறையில், திரை அம்மாவுக்குத் தெரியும்படி.

ஒரு நாள் கூலி போகுமே என்று ஒருத்தி கேட்டாள். போகும்தான். கிழமையில் ஒரு நாள். ஆனால் மற்ற ஐந்து நாளும் நெஞ்சிடி இல்லாமல் வேலை செய்யலாம் என்று இன்னொருத்தி சொன்னாள். அந்தக் கணக்கு எல்லோருக்கும் விளங்கியது.

கண்ணுக்கு மறைந்தால் பயம் என்று சொன்ன தாய் கடைசிவரை தயங்கினாள். "முதல் நாள் என்ர முற்றத்தில வைப்பம்" என்றாள். சரி என்றார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பிப் போனேன். அது அவளுடைய முறை இல்லை. மூன்று வீடு தள்ளிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்று மீன் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "பயம் போட்டுதா?" என்று கேட்டேன். "போகேல்லை அக்கா. ரெண்டு தரம் போய் எட்டிப் பார்த்திட்டுத்தான் வந்தனான். முந்தி பத்துத் தரம்" என்றாள். எட்டிப் பார்க்கிற கணக்குக் குறைவதுதான் சுகம் வருவதன் அடையாளம்.

முற்றத்து மூலையில் பனங்கொட்டைப் பாத்தி இருந்தது. ஐந்து கொட்டைக்கு மேல் ஓலைத்துண்டில் பையனின் பெயர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓலை. அவன் ஒருநாளும் காணாத மாமாவின் பெயர் அதில் எழுதியிருந்தது. மாமாவுக்கும் ஐந்து கொட்டை வைத்திருந்தான். "யார் சொல்லித் தந்தது?" என்று தாயைக் கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. மாமா பட்டம் விட்ட கதை சொன்னனான். அடுத்த நாள் இதைச் செய்து வைச்சிருந்தான்" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் முற்றத்தில் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்? உங்கள் ஊரில் எந்தப் பழைய விளையாட்டு இன்னும் மறக்காமல் இருக்கிறது? எழுதி அனுப்புங்கள். எழுத நேரமில்லாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள், அதுவும் ஒரு விடுமுறை வேலைதான். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு சந்திப்போம்.